பெரிய எழுத்துப் பிரதி

அறுபதைத் தாண்டியவர்கள் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது என் கட்சி. உட்கார், இனாஸ். தேநீர் போட்டிருக்கிறேன், புதினா தீர்ந்துவிட்டது. மேசைமேல் நீ வைத்திருக்கும் இரண்டு புத்தகங்களையும் பார்த்துவிட்டேன். ஒன்று நான் தட்டச்சு செய்த பெரிய எழுத்துப் பிரதி. மற்றது எழுபத்துமூன்றில் அச்சான மூலப் புத்தகம். நபி தானியால் தெருவில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது என்கிறாய். அந்தத் தெருவில் கண்ணில் பட்ட பிரதிகளையெல்லாம் நான் வாங்கித் தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஒன்று தப்பியிருக்கிறது.

வரிக்கு வரி ஒப்பிட்டிருப்பாய். ஒளிக்க ஒன்றுமில்லை, முறையாகவே சொல்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒன்பது பேர். மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் இனிப்புக் கடையின் மாடியில் கூடுவோம். பழைய விஞ்ஞான நாவல்கள் மட்டும்தான். ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள் என்று பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து நாவலைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அச்சில் இல்லாதவற்றை உட்கார்ந்து பெரிய எழுத்தில் அடித்துக் கொடுப்பதும் நான்தான். பதிப்பகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவன், எனக்கு அது பெரிய வேலையில்லை. எல்லோரும் நன்றியோடு இருந்தார்கள்.

எங்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. எழுதியவர் எதிர்காலத்தைப் பற்றி உளறியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து உரக்கப் படிக்க வேண்டும். இரண்டாயிரத்தில் மனிதன் மாத்திரையைத் தின்று உயிர்வாழ்வான் என்று ஒருவர் எழுதியிருப்பார். அதைப் படித்துக்கொண்டே மதாம் கமீலியா மூன்றாவது துண்டு பஸ்பூஸா ரவைக் கேக்கை விழுங்குவாள். யார் படித்ததற்கு அதிகச் சிரிப்போ அவருக்குத் தட்டின் கடைசித் துண்டு. எழுதியவர் அங்கே இல்லாததால் இதில் யாருக்கும் வலிக்காது.

உன் அப்பா ஹில்மி சேர்ந்து ஒரு வருஷம் ஆனபின் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உஸ்தாஸ் ரஷ்வான், எப்பப் பாத்தாலும் வெளிநாட்டுக்காரன் எழுதினதையே எடுக்கிறீங்களே. எழுபதுகள்ல நம்மாளுங்க ஒண்ணும் எழுதலியா?"

"ஏன் இல்லாம? மூழ்கிப்போன நம்ம அலெக்ஸாண்டிரியாவுல கடிதம் குடுக்கிற தபால்காரனைப் பத்தி ஒண்ணு இருக்கு. யாரோ புனைபெயர்ல எழுதினது."

அவருடைய காது மடல் சிவந்தது. "அந்த ஆளை எனக்குக் கொஞ்சம் பழக்கம். ரெண்டாவது நாவலை இப்பத்தான் முடிச்சிருக்காரு. முதல் புத்தகத்தை இன்னிக்குப் படிக்கிறவங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னா அச்சுக்குக் குடுப்பாராம். இல்லேன்னா வேண்டாம்ங்கிறாரு."

அந்த ஆள் யாரென்று எனக்கு முன்பே தெரியும். எழுபத்துமூன்றில் நாவலின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உன் அப்பா எங்கள் பதிப்பகத்துக்கு வந்த அன்று மழை. என்னைக் கடைநிலை ஊழியன் என்று நினைத்து நனைந்த குடையை என் கையில் கொடுத்தார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கறுப்புக் குடை, மூங்கில் பிடி, ஒரு கம்பி வளைந்திருந்தது.

அந்த நாவல் அவரிடமே இல்லை என்பதைப் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாருக்கோ இரவல் கொடுத்து, திரும்பி வரவில்லையாம். அவருடைய ஞாபகம் தடுமாற ஆரம்பித்திருந்ததும் எனக்குத் தெரியும். பால் வாங்கினேனா என்று ஒரே மாலையில் இரண்டு முறை உன்னைத் தொலைபேசியில் கேட்பார், நீயும் பொறுமையாகப் பதில் சொல்வாய்.

இரண்டு மாதம் உட்கார்ந்து அடித்தேன். முக்கால் பங்கை அப்படியே விட்டேன். முழுதும் மாற்றினால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். "தபால்காரன் கதவைத் தட்டவில்லை, தண்ணீருக்குள் தட்டினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும்" என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் ஒரு சனிக்கிரகத்து இளவரசியைக் கொண்டுவந்து வைத்தேன்.

பிரதியைக் கொடுத்த நான்காம் நாள் கூப்பிட்டார். "இதுல சனிக்கிரகம் வருதா, உஸ்தாஸ்?"

"வருதே. பதினோராம் அத்தியாயம் பூரா அதுதான்."

"அந்த ஆளு என்கிட்ட சொன்னப்போ அப்படி ஒண்ணும் சொன்ன ஞாபகம் இல்ல."

"அம்பது வருஷம் ஆச்சுல்ல. மறந்திருப்பாரு."

"ஆமா. மறந்திருப்பாரு" என்றார்.

அந்த வியாழக்கிழமை போல நாங்கள் சிரித்ததே இல்லை. பல் டாக்டர் ஸர்வத் எழுந்து நின்று படித்தார்: "சனிக்கிரகத்து இளவரசி தன் மூன்று இதயங்களாலும் ஒரே நேரத்தில் விம்மினாள்."

"மூணு இதயம்னா கைக்குட்டை எத்தனை வேணும்?" என்றாள் கமீலியா.

"எழுதினவன் உசுரோட இருக்கானாய்யா?"

"இருந்தா இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க. வெக்கத்துல செத்துருவான்."

உன் அப்பாவும் சிரித்தார். அவர் முறை வந்தபோது இளவரசி மயங்கி விழும் பக்கத்தைத் தானே எடுத்துப் படித்தார். நன்றாகவே படித்தார். கடைசித் துண்டு அவருக்குத்தான் போனது. ஒரு காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு சர்க்கரை அட்டைப் பெட்டியோடு இங்கே வந்தார். நீ இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"அந்த நண்பரோட ரெண்டாவது நாவல். இது ஒண்ணுதான் பிரதி. இதுலயும் அந்த மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அவர் கண்ணுக்கு நல்லாத்தான் படுதாம். ஆனா முதல் புத்தகமும் அவருக்கு அப்படித்தானே பட்டுது?"

நான்கு நாளில் படித்தேன். வேலைக்காக ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளைப் படித்தவன் நான். அவற்றில் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, "அதே கைதான், உஸ்தாஸ் ஹில்மி. இளவரசி மட்டும் இல்ல" என்றேன். அவர் என் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

அதை அவர் மொட்டை மாடியில் தகர டப்பாவில் வைத்து எரித்தது உனக்குத் தெரியும். அதன்பின் தன் எந்த நினைப்பையும் அவர் நம்பவில்லை. சாப்பிட்டேனா என்று உன்னைக் கேட்டார், நீ சொன்னதையும் நம்பவில்லை. பிப்ரவரிப் புயலன்று கோட்டோடும் சப்பாத்தோடும் கடலுக்குள் நடந்துபோனார். அடக்கத்தன்று பாடையின் ஒரு கால் என் தோளில்தான் இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

சனிக்கிரகத்து அத்தியாயங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. புதிதாக எழுத நேரமில்லை, அவை என் அலமாரியிலேயே இருந்தன. உன் அப்பாவின் நாவல் பதிப்பகத்துக்கு வந்த அதே வாரம் நானும் என் நாவல் ஒன்றைக் கொடுத்திருந்தேன். ஆறு வருஷ உழைப்பு. ஆசிரியர் அவருடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் திருப்பித் தந்தார். அதிலிருந்து ஒரு புள்ளி மாற்றாமல் எடுத்துச் சேர்த்தேன். ஒருவராவது அந்த இடத்தில் நின்று, "இது வேற கை, இது நல்ல கை" என்று சொல்வார்களா என்று காத்திருந்ததை மறுக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு.

உன் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். அந்த வரிகளை வேண்டுமென்றேதான் மோசமாக எழுதினேன், மகளே. எழுபத்துமூன்றிலேயே.