மஞ்சள் கோடு போற வழி

இல்ல தம்பி, நீங்க வழி தப்பி வரல. மரத்துல போட்டிருக்கற மஞ்சள் கோட்டப் பாத்துதானே நடந்தீங்க? அது எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. உள்ள வாங்க. பூட்ஸக் கழட்ட வேணாம், பண்ணை வீடு, சேறு என்ன புதுசா. அந்த நீல நாற்காலில உக்காருங்க. ஐயையோ அது இல்ல, அது கால் ஆடும், பக்கத்துல இருக்கறது. ஆறு இருந்துச்சு, இப்ப அஞ்சுதான். ஒண்ண என் நாத்தனா போலெத் திருடிட்டுப் போயிட்டா. பதினோரு வருஷமாச்சு, அன்னிலேருந்து அவகூட நான் பேசறதில்ல. நான் ஒருத்தர்கிட்ட பேசாம இருக்கேன்னா அது எவ்ளோ பெரிய கோவம்னு இந்த ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

காப்பியா, வால்நட் ஒயினா? ரெண்டும் குடுக்கறேன், இருங்க.

பலகைல எட்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு, கைக்கடிகாரம் பதினோரு கிலோமீட்டர் காட்டுதா? கடிகாரத்தையெல்லாம் நம்பாதீங்க. சர்ச்சுலேருந்து சர்ச்சுக்கு ஒரு சுத்து, அவ்ளோதான், குழந்தைகூட நடக்கும். மேட்டுல ஊதாப் பூ பூத்திருக்கா? நல்லா மண்டியிருக்குமே இப்ப. அப்புறம் எறங்கினா ஓடை, ஓடை தாண்டி செஸ்ட்நட் காடு, அத விட்டு வெளிய வந்தா பச்ச ஜன்னல் வச்ச ஒரு வீடு. பாத்தீங்களா? சொலாஞ்ச் வீடு. வெளிய நின்னாளா? கையாட்டினாளா! லிப்ஸ்டிக் போட்டிருந்தாளா? எழுபத்தொரு வயசு தம்பி அவளுக்கு. சரி விடுங்க, நமக்கெதுக்கு.

இந்த செர்ரி கேக்க ஒரு துண்டு எடுத்துக்கோங்க. கொட்டை எடுக்கல, பல்லு ஜாக்கிரதை. கொட்டைய எடுத்துட்டுப் பண்றவங்க எல்லாம் இந்த லிமூசன் சீமைல பொறக்காதவங்க.

அந்த மஞ்சள் கோடெல்லாம் யாரு போட்டதுன்னு நெனச்சீங்க? எங்க வீட்டு மனுஷன், அன்செல்ம். இருபது வருஷம் நடைச் சங்கத்துக்கு அவருதான் கோடு போட்டாரு. நேர் கோடுன்னா நடந்துக்கிட்டே இரு, மடிஞ்ச கோடுன்னா திரும்பு, பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகாத. பேச்சுக்கூட அப்படித்தான். ஆமாம்பாரு, இல்லம்பாரு. மூணாவது வார்த்த வேணும்னா நான்தான் பேசணும். போன மார்ச்ல போயிட்டாரு. ஆமா, நெஞ்சு. பரவால்ல, நீங்க சாப்பிடுங்க.

வருத்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா கோவம் அதவிட ஜாஸ்தி. ஏன்னா கேளுங்க. இந்த ஊர்ல ஒருத்தன் பாவமன்னிப்புக் கூண்டுல மண்டி போட்டு, சாமி நான் கொலை பண்ணேன்னு சொல்லுவான். செப் காளான் எங்க பொறுக்கினேன்னு மட்டும் சொல்ல மாட்டான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு எடம் இருக்கும். வடக்க எடம்னா கூடையத் தூக்கிட்டுத் தெக்க கெளம்புவான், ஊரச் சுத்திட்டு வடக்க போவான். ஆனா சாவறதுக்கு முன்னாடி பொண்டாட்டி காதுல, இல்ல புள்ள காதுல சொல்லிடணும். அது மொறை. நான் ஆஸ்பத்திரில அவரு கையப் புடிச்சுக்கிட்டு, சொல்லிட்டுப் போய்யான்னேன். என்னப் பாத்து சிரிச்சாரு தம்பி. ஏதோ பெரிய தமாஷ் மாதிரி. அதோட சரி.

அடக்கம் முடிஞ்சு கல்லறைலேருந்து வரோம். ஒவ்வொருத்தரா வந்து கன்னத்துல முத்தம் குடுத்துட்டு, மதலேன், ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்லிட்டு, அப்படியே குரலத் தாழ்த்தி, எடத்தச் சொன்னாரான்னு கேக்கறாங்க! மேயர்லேருந்து ரொட்டிக் கடைக்காரி வரைக்கும். நான் என்ன சொல்ல? நாப்பத்திநாலு வருஷம் கூட வாழ்ந்தவ, எனக்குச் சொல்லலேன்னு சொல்ல முடியுமா? சொன்னாரே, கடைசி மூச்சுல சொன்னாரேன்னு சொல்லிட்டேன். வாய் தம்பி, வாய்.

செப்டம்பர் பொறந்துச்சு. ஊர் பூரா என் கூடையையே பாக்குது. என்ன பண்றது? லிமோஜ் சந்தைக்கு பஸ் ஏறிப் போயி காளான் வாங்கிட்டு வந்து, கூடைல போட்டு, மேல பெரணி எல வச்சு மூடி, முட்டிக்குக் கீழ கொஞ்சம் சேறு பூசிக்கிட்டு, ரொட்டிக் கடை வழியா மெதுவா நடந்து வரேன். சிரிக்காதீங்க, கேக்கு தொண்டைல மாட்டும்.

நேரா காட்டுக்குப் போயித் தேட வேண்டியதுதானேன்னா கேக்கறீங்க? தேடறத எவனாச்சும் பாத்தா? எடம் தெரிஞ்சவ எதுக்குத் தேடறான்னு கேக்க மாட்டானா? ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன். அவரு போட்ட கோடு அந்த செஸ்ட்நட் காட்டுக்குள்ள போகாது. நல்ல நெழலான காடு, நேர் வழி. அத விட்டுட்டு வெளியால ஒரு சேத்து வயல்ல கணுக்கால் புதையச் சுத்த விடுவாரு. காட்டு வாசல்ல பெரிய பெருக்கல் குறி. இருபது வருஷமா ஊரே சேத்துல நடந்துச்சு, ஏன்னு ஒருத்தன் கேக்கல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. எடம் உள்ளதான்.

ஆனா பிப்ரவரிலயும் போவாரு அங்க. பிப்ரவரில ஏது காளான்... சரி, இன்னொரு துண்டு போடவா?

சங்கத்துக்காரங்க அவரு பெயிண்ட் டப்பாவ என்கிட்டயே குடுத்துட்டாங்க. வீடு ஒண்ணுதானே, கோடு போடறதுல என்ன வித்தியாசம்னாங்க. நானும் பழைய பெருக்கல் குறியச் சொரண்டிட்டு, கோட்டக் காட்டுக்குள்ள திருப்பி விட்டேன். ஒரு வாரம் ஓடை பக்கமா, ஒரு வாரம் பைன் மரத்துப் பக்கமா. எப்படிச் சுத்தினாலும் கடைசில என் வாசலுக்குத்தான் வரணும். வர்றவங்களுக்கு காப்பி குடுத்து, பையப் பாத்து, காளான் எங்க கெடச்சதுன்னு கேக்கறது. மொறைக்காதீங்க, மூணு கிலோமீட்டர் கூட நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே! பெல்ஜியத்துலேருந்து ஒரு புதுசாக் கல்யாணமான ஜோடி வந்துச்சு, ரெண்டு மணி நேரம் காட்டுல இருந்துட்டு ஒரு காளானக்கூடப் பாக்கலயாம். கண்ண மூடிட்டே நடந்திருக்கும். ஒரு வாத்தியாரு பை நெறைய விஷக் காளானோட வந்தாரு. அத்தனையும் அடுப்புல போட்டேன், அந்தாளு என்கிட்ட சண்ட போட்டாரு.

இப்ப உங்க பைக்கு வருவோம். வந்ததுலேருந்து கால் இடுக்குல வச்சு மறைக்கறீங்க. நீங்க பாரிஸ்காரர், பொய் சொல்லப் பழக்கமில்ல, தொறங்க.

அம்மாடி! என்ன பருமன்! அதுக்குன்னு பிளாஸ்டிக் பைலயா போடறது? இந்த ஊர்ல அதுக்கு ஜெயில்ல போடுவாங்க. சொல்லுங்க, எங்க? ஓடையத் தாண்டி... எடது பக்கம்... இடிஞ்ச கல்லுச் சுவரா? ஆமா ஆமா, பழைய ஆட்டுப் பட்டி அது. கோடு போடப் போறப்ப நான் சுவருக்கு இந்தாண்டையே பாத்துட்டு வந்திருக்கேன். அந்தாண்ட என்ன?

நாற்காலியா? காட்டுல எவன் தம்பி நாற்காலி... என்ன கலரு? நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரியா? உக்கார்ற எடத்துல வைக்கோல் பின்னல் போயி, பலகை அடிச்சிருந்துச்சா?

இருங்க. நானும் உக்காந்துக்கறேன்.

எத்தன நாற்காலி தம்பி? ஒண்ணா? நல்லாப் பாத்தீங்களா? பெரணிக்குள்ள இன்னொண்ணு சாஞ்சு கெடந்துச்சோ என்னமோ. ஸ்டூலு? கட்டை? ஒயின் கிளாஸ் எத்தன? ஒரே கிளாஸ், கெளைல கவுத்து வச்சிருந்துச்சா. அங்கேருந்து பாத்தா அந்தப் பச்ச ஜன்னல் தெரியுதா? ஒண்ணுமே தெரியலயா? மரம் மட்டுந்தானா?

ஒரே ஒரு நாற்காலி.

நான் சிரிக்கறேனா அழறேனான்னு பாக்காதீங்க, எனக்கே தெரியல. காளான் இல்லாத மாசமெல்லாம் போனாரு தம்பி. சொலாஞ்ச் வீட்டுக்குத்தான்னு ஊரே பேசுச்சு. அடக்கத்தன்னிக்கு அவ என்னவிட ஜாஸ்தி அழுதா. ஆறு மாசமா நான் கண்ண மூடல. காளான் யாருக்கு வேணும்? எனக்கு அந்த எடத்தப் பாக்கணும், அங்க ரெண்டு பேர் உக்காந்தாங்களா ஒருத்தர் உக்காந்தாரான்னு தெரியணும், அவ்ளோதான். இப்பப் பாத்தா அந்த மனுஷன் எவகிட்டயும் போகல. என் நாற்காலியவே திருடிட்டுப் போயி, என் வாய்க்குப் பயந்து, மரத்தப் பாத்து உக்காந்திருக்காரு! கொஞ்சம் வாய மூடு மதலேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருப்பாரு. நான் பேசிட்டிருந்திருப்பேன், காதுல விழுந்திருக்காது.

போலெத்துக்கு வேற போன் பண்ணணும். பதினோரு வருஷமா திருடி திருடின்னுட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

காளான நீங்களே வச்சுக்கோங்க, வெண்ணெய்ல பூண்டு போட்டு வதக்குங்க. எவனாச்சும் எங்க எடுத்தன்னு கேட்டா மில்லுப் பக்கம்னு சொல்லணும், சரியா? இப்ப எழுந்திரிங்க. அந்தக் கால் ஆடற நாற்காலியத் தூக்குங்க. உங்களுக்கு முட்டி வலிக்குதா? எனக்கும்தான் வலிக்குது, வாங்க. நீங்க முன்னாடி நடங்க, நான் பெயிண்ட் டப்பாவோட பின்னாடியே பெருக்கல் குறி போட்டுக்கிட்டு வரேன். இனிமே அந்தப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது. அவரு நாற்காலி பக்கத்துல இதப் போட்டு உக்காரப் போறேன்.

பேச மாட்டேன் தம்பி. சத்தியமா. ஒரு அஞ்சு நிமிஷமாவது.