யாரும் எடுக்காத நத்தை

மிஸ்: …டேப்லெட்ல அந்த நத்தைப் படத்தை மட்டும் அழிக்காதீங்க தம்பி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

கம்ப்யூட்டர்காரர்: பிள்ளைங்களைவிடப் படம் ஒண்ணு கூடுதலா இருக்கே அக்கா. நத்தை யாரோடது?

மிஸ்: யாரோடதும் இல்ல. ஒண்ணாங்கிளாஸுக்கு பாஸ்வேர்டு வருமா? டேப்லெட்டை எச்சில் தொட்டுப் புரட்டாதீங்கன்னு சொல்லிக் குடுக்கவே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. அதான் ஆளுக்கொரு படம். தொட்டா, விட்ட பக்கம் திறக்கும். கிளி, குடை, சாவின்னு எடுத்துக்கிட்டாங்க. நத்தையை யாரும் சீந்தல.

கம்ப்யூட்டர்காரர்: சீந்தாத நத்தை தினமும் கதை படிக்குதே.

மிஸ்: …சேர்ந்து படிக்கிறப்போ, யார் எந்தப் பக்கத்துல இருக்காங்கன்னு ஓரத்துல படம் வரும்ல, குரலும் கேக்கும்ல…

கம்ப்யூட்டர்காரர்: நான்தானே போட்டுக் குடுத்தேன். பேச்சை மாத்தாதீங்க.

மிஸ்: மாத்தல. மத்ததுங்க எல்லாம் சர்ருனு தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடிடும். குடை மட்டும் முதல் பக்கத்துலயே நிக்கும். தனியா. வாயே திறக்காது.

கம்ப்யூட்டர்காரர்: குடைன்னா… அந்த மேசைக்கடியில ஹெட்போன் மாட்டி உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணா? விளையாடப் போகலையா?

மிஸ்: போகாது. மெதுவாப் பேசுங்க.

கம்ப்யூட்டர்காரர்: காதை அடைச்சிருக்கு, கேக்காது.

மிஸ்: இப்போ வாய்விட்டுப் படிக்குது தம்பி. நத்தை பக்கத்துல வந்து நின்னதுலேர்ந்து. அதை அழிச்சீங்கன்னா மறுபடி வாயை மூடிக்கும்.

கம்ப்யூட்டர்காரர்: சரி. நத்தையா வர்றது யாரு?

மிஸ்: நான்தான். அலமாரிக்குப் பின்னாடி டேப்லெட்டோட உக்காந்துக்கிட்டு… சிரிக்காதீங்க.

கம்ப்யூட்டர்காரர்: சிரிக்கல. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அப்பவும் வந்துச்சே?

மிஸ்: திரும்ப வந்ததும் பதிவுல பாத்தேன். யார்கிட்ட கேக்கறது? பைத்தியம்னுடுவாங்க.

கம்ப்யூட்டர்காரர்: பயப்படாதீங்க, அது நான். தெரியாத மாதிரி கேட்டேன். நீங்க இல்லாம அந்தப் பொண்ணு வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. மனசு கேக்கல. என் ரூம்லேர்ந்து நத்தையைத் தொட்டு வந்து கூட நின்னேன்.

மிஸ்: அடப்பாவி. இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அப்போ நேத்தும் நீங்கதானா…

கம்ப்யூட்டர்காரர்: நேத்தா? நேத்து நீங்கதானே?

மிஸ்: நான் நேத்து முழுக்க ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல இருந்தேன்.

கம்ப்யூட்டர்காரர்: நேத்து நான் நத்தையைத் தொடவே இல்ல அக்கா.

மிஸ்: விளையாடாதீங்க தம்பி.

கம்ப்யூட்டர்காரர்: என் கை ரெண்டும் இங்கதான் இருக்கு. இந்தத் திரையைப் பாருங்க. இப்போ. குடை ஆறாம் பக்கம்… நத்தையும் ஆறாம் பக்கம்.

மிஸ்: தொடாதீங்க.

கம்ப்யூட்டர்காரர்: நான் எங்க தொட்டேன்? …பின்னாடி போகுது. அஞ்சு. நாலு.

மிஸ்: குடையும் அது பின்னாலயே போகுது…

கம்ப்யூட்டர்காரர்: இது வேணாம் அக்கா. அழிச்சிடறேன்.

மிஸ்: இருங்க… கண்ணு, இங்க வா. ஹெட்போனைக் கழட்டு.

குடை: ம்.

மிஸ்: உன்கூட நத்தை படிக்குதே… அது யாருன்னு தெரியுமா?

குடை: சில நாள் நீங்க. சில நாள் இந்த அங்கிள்.

கம்ப்யூட்டர்காரர்: உனக்கெப்படித் தெரியும்?

குடை: நான் தப்பாப் படிச்சாலும் நீங்க ரெண்டு பேரும் அடுத்த பக்கத்துக்கு வந்துடுவீங்க. சும்மா.

மிஸ்: அப்போ… இன்னிக்கு வந்தது?

குடை: சொல்ல மாட்டேன். அதுக்கு வெக்கமா இருக்கும்.

மிஸ்: நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்டா.

குடை: …நம்ம கிளாஸ்லதான் இருக்கு. அதுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது மிஸ். புரியலைன்னா பின்னாடி போயிடும், நானும் போய்க் கூட்டிட்டு வருவேன். அதுக்குத்தான் சத்தமாப் படிக்கறேன்.