குதிகால் சீவுன பூட்ஸ்

...எழுதிக்கோ, வரிசையா சொல்றேன். நடுவுல குறுக்க பேசாத. மறந்துடுவேன்னு இல்ல, எனக்குப் பிடிக்காது. அன்னிக்கு முதல் காட்சி, முன்வரிசை, இடது ஓரத்துலருந்து: டைரக்டர் ஹோல்ம். பக்கத்துல ஹீரோ டெக்ஸ்டர் க்ரே. அந்த மனுஷன் படம் முடியற வரைக்கும் தொப்பியக் கழட்டல, பின்னாடி உக்காந்தவங்க பாடு திண்டாட்டம். அப்புறம் மேயர், மேயர் சம்சாரம், நம்ம சபை பிஷப். அடுத்தது குதிரைக்கார ரூலன். பொறந்ததுலருந்து முதல்தடவையா டை கட்டியிருந்தாரு, கழுத்துல சுருக்கு மாட்டுன மாதிரி முழிச்சிக்கிட்டு. அதுக்கப்புறம் உங்கம்மா ஜெருஷா. உங்கம்மா பக்கத்துல நீ. ஒம்பது வயசு, மஞ்ச கவுன். கடைசியா நடைபாதை ஓரம் நான், பத்தொம்பது வயசு நெட்ரா, மடியில நோட்டு. எண்ணு. ஒம்பது பேர் ஆச்சா? அதுல மிச்சம் நீயும் நானும்தான், மார்வா.

அவசரப்படாத. மணி ரெண்டரைதான் ஆகுது, படம் நாலு மணிக்கு. அம்பது வருஷம் காத்திருந்த படம், ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும். எலுமிச்ச ஜூஸ் குடி.

மேடையில பேசப்போற காகிதத்தக் குடு, பாக்கறேன். படிச்சித் திருத்திக் குடுங்கன்னு நீதானே கேட்ட? ம். கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. உப்புக் கணவாய்ங்கற படம் நம்ம ஊர் மலையில எடுத்தது, இதே தியேட்டர்ல முதல் காட்சி போட்டது, எல்லாம் சரி. உங்கண்ணன் ஆர்டன் ஹீரோவுக்கு டூப் போட்டான், சரி. ஷூட்டிங் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சாயங்காலம் குதிரைங்கள லாயத்துக்கு ஓட்டிட்டு வரும்போது விழுந்து, குதிரை இழுத்துட்டுப் போய் செத்தான்... ம். அதுக்கு அப்புறம் வரேன். மூணாவது பத்தி. சபை ஊழியத்துக்குப் போகாம சினிமாவுக்குப் போன மகன உங்கம்மா கடைசி மூச்சு வரைக்கும் மன்னிக்கல, அவன் விழற காட்சிக்கு ஊரே எழுந்து கைதட்டினப்போ அவங்க மட்டும் உன்னை இழுத்துட்டு வெளிய போனாங்கன்னு எழுதியிருக்க.

இத அடி. இந்தா, என் பேனா.

ஏன்னு சொல்லாம அடிக்க மாட்டியா? நியாயம்தான். உன் எடத்துல நானா இருந்தாலும் அடிக்க மாட்டேன்.

அந்தப் பைக்குள்ள என்ன? ஆர்டன் பூட்ஸா, தியேட்டர் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கவா? அப்ப எடு வெளிய. மேசை மேலயே வை, பரவால்ல. திருப்பு, அடிப்பக்கம் தெரியட்டும். குதிகால் பாத்தியா? அது தேஞ்சது இல்லம்மா. உங்கம்மா கத்தியால சீவுனது. அடித்தோல்ல மெழுகு தேய்ச்சதும் அவங்கதான். சேணத்துல கால் நுழைக்கிற அங்கவடி இருக்குல்ல, அதுலருந்து கால் வழுக்கிட்டு வெளிய வரணும். ஓடற குதிரையிலருந்து வேணும்னே விழறவனுக்கு உசுரே அதுலதான் இருக்கு. ஊழியத்துக்குப் போகலன்னு மகன்கூட ஒரு மாசம் பேசாம இருந்தவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. பேசாமலே உக்காந்து சீவுனாங்க. ஷூட்டிங் நடந்த அத்தன நாளும் காலையில மெழுகு போட்டாங்க. உனக்குத் தெரியாதா? நீ தூங்கிட்டிருப்ப.

ஆர்டனுக்கு ஒரு பழக்கம். விழறதுக்கு முன்னாடி இடது கால வெளிய எடுத்து, ஒரு உதறு உதறுவான், நாய் தண்ணிய உதறுமே அப்படி. அப்புறம்தான் கடிவாளத்த விடுவான். ரூலன் கிண்டல் பண்ணுவாரு, ஏண்டா, சாவுக்கு முன்னாடி டான்ஸ் ஆடறியான்னு. அவனும் சிரிச்சிக்கிட்டே, டான்ஸ் ஆடாதவன் வீடு போய்ச் சேர மாட்டான் மாமான்னு சொல்லுவான். இந்தப் பேச்ச ஊர்ல எத்தன பேர் கேட்டிருப்பாங்க? உங்கம்மா கேட்டிருக்காங்க.

இப்ப முதல் காட்சிக்கு வா. மத்தியானம் ரெண்டு மணி. மெயின் ரோட்டுல பேண்டு, குதிரை வண்டி ஊர்வலம், ஹாலிவுட்டுக்காரங்களுக்குன்னு ஒரு அண்டா காப்பி வேற. நம்ம சபையில காப்பி ஆகாதுல்ல, பிஷப் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. திரும்புனா வாசனையே பாவம்னு நெனச்சாரோ என்னவோ. உங்கம்மாவுக்குக் கம்பெனிக்காரங்களே முன்வரிசையில சீட்டு போட்டிருந்தாங்க, மரியாத காட்டறாங்களாம். படம் ஓடுது. கணவாய் வருது. ஹீரோ சுடப்பட்டு விழற காட்சி. அது ஹீரோ இல்ல, நம்ம ஆர்டன்னு ஊருக்கே தெரியும். விழுந்தான். ஆறு செகண்டு. பாறைக்குப் பின்னாடி குதிரை போயிடும், அவ்வளவுதான் காட்சி. ஊரே ஆர்டன், ஆர்டன்னு கத்துச்சு, விசில் அடிச்சிது, காலத் தட்டுச்சு. நீயும்தான் சீட்டு மேல ஏறி நின்ன.

உங்கம்மா கைதட்டல. என் முழங்கால உரசிக்கிட்டு உன்னையும் இழுத்துக்கிட்டு நேரா நடந்தாங்க. திரும்பிப் பாக்கல. ஹீரோகூட ஐஸ்கிரீம் சாப்பிடணும்னு நீ கத்தினது இன்னும் என் காதுல இருக்கு.

இத்தன வருஷத்துல டிவியில எத்தன தடவ அந்தக் காட்சியப் பாத்திருப்ப? நூறு? சரி, நூறு. கண்ண மூடு. மூடுன்னு சொல்றேன். குதிரை வருது. துப்பாக்கிச் சத்தம். அவன் சாயறான். இடது கால் எங்க இருக்கு?

நல்லா யோசி.

...ஆமா. அங்கவடிக்குள்ளயே இருக்கு. உதறவே இல்ல.

உக்காரு. நீ நிக்கறதால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனா கதை முடியல. நூறு தடவ பாத்தும் உனக்குத் தெரியாதது ஆறு செகண்டுல உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிது. லாயமும் இல்ல, சாயங்காலமும் இல்ல. காலையில, கேமரா முன்னாடி, எல்லார் கண்ணுக்கும் எதிர்ல நடந்துச்சு. பாறைக்கு அந்தப் பக்கம் குதிரை அவன ஓடை வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. வெளிய சொன்னா படம் நின்னுடும்னு கம்பெனிக்காரங்க எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்குனாங்க. ரூலனும் சத்தியம் பண்ணாரு. பூட்ஸ உங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்ததும் அவருதான். உங்கம்மா திருப்பிப் பாத்திருக்காங்க. குதிரை இழுத்துட்டுப் போனதாச் சொல்ற காலு, பூட்ஸ்ல ஒரு கீறல் இல்ல. காலையில போட்ட மெழுகு அப்படியே இருக்கு. அப்பவே சந்தேகம். ஒம்பது மாசம் வாயத் தொறக்காம இருந்தாங்க. தியேட்டர்ல தெளிவாத் தெரிஞ்சு போச்சு, அவன் கால்ல இருந்தது இந்த பூட்ஸே இல்லன்னு.

அத எதுக்குப் படத்துல வெச்சாங்கன்னு கேக்கற. ஹோல்ம் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்றேன், மெருகு போடல. இதுலதான் சாவு தெரியுதுன்னாரு.

இல்ல, என்னை அப்படிப் பாக்காத. அழுவேன்னும் எதிர்பாக்காத. அழறதுக்கு நேரம் இருந்துச்சு, அப்ப அழல, இப்ப அழுதா அது நாடகம்.

மறுநாள் காலையில உங்கம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. வலைக்கதவுக்கு வெளியவே நின்னாங்க, உள்ள வாங்கன்னதுக்கு வரல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நெட்ரா, நீதானே எல்லாத்தையும் எழுதி வெக்கறவ, என் புள்ள கால்லருந்து அவன் பூட்ஸக் கழட்டச் சொன்னது யாருன்னு. ஹோல்ம்னு சொன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாங்க.

அந்த இழுப்பறையத் தொற. நீல நோட்டு. தொண்ணூத்தியேழாவது பக்கம், மடிச்சி வெச்சிருக்கேன். என் வேலை என்னன்னு தெரியுமில்ல? கன்டினியூட்டி. முந்தின ஷாட்ல கழுத்துல கைக்குட்டை எந்தப் பக்கம் முடிச்சு, கையில கண்ணாடி டம்ளரு எவ்வளவு நிரம்பியிருந்துச்சு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பாக்கணும். ஊர்ல டைப் அடிக்கத் தெரிஞ்ச பொண்ணு நான் ஒருத்திதான், அதனால எடுத்தாங்க. படி. சத்தமா படி.

டேக் ஒண்ணு, நல்லா விழுந்தான். டேக் ரெண்டு, இன்னும் நல்லா விழுந்தான், டைரக்டர் திருப்தி. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கறத ஏன் விட்டுட்ட?

சரி, நானே சொல்றேன், எனக்குப் பாக்காமலே தெரியும். பூட்ஸ் பொருந்தல. முந்தின ஷாட்ல ஹீரோ கால்ல உயரக் குதிகாலு, குதிரையக் குத்தற முள்ளு வெச்ச பூட்ஸ். டூப் கால்ல பழசு, குதிகால் கம்மி. மாத்திட்டு மறுபடி எடுக்கணும். டேக் மூணு. சுத்தி வட்டம் போட்டிருக்கா? வட்டம் போட்டா, அதுதான் படத்துல வரும்னு அர்த்தம்.

எழுத்து என்னுது. வட்டமும் என்னுது. ஹோல்ம் கவனிக்கவே இல்ல, அவரு அடுத்த ஷாட்டுக்குக் கேமராவ நகத்தச் சொல்லிட்டாரு. நான்தான் கைய தூக்கினேன். ஆர்டன் என்கிட்ட வந்து, நெட்ரா, ஆறு செகண்டுல எவன் என் கால பாக்கப்போறான்னு கேட்டான். நான் பாத்தேனேன்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டே கழட்டினான். கழட்டி என் நாற்காலிக்குக் கீழதான் வெச்சிட்டுப் போனான், ஜோடியா.

இந்தப் பொண்ணு கண்ணுல எதுவும் தப்பாதுன்னு ஹோல்ம் சொன்னாரு. முதல் காட்சி முடிஞ்சு ஒரு வாரத்துல லாஸ் ஏஞ்சலஸ் பஸ் ஏறினேன். முப்பத்தியொரு வருஷம் அந்த ஒரு வார்த்தையில வேலை பாத்தேன்.

உங்கம்மா வருஷா வருஷம் ஆர்டன் செத்த தேதிக்கு ஹோல்முக்கு ஒரு கடிதாசி போட்டாங்களே, உள்ள அவன் பேரு மட்டும் எழுதி? புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நீகூட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன. புத்தி நல்லாத்தான் இருந்துச்சு. விலாசம்தான் தப்பு. அது என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய கடிதாசி.

இன்னிக்கு நாலு மணிக்கு அந்தக் காட்சிக்கு மறுபடியும் கைதட்டுவாங்க. நீ மேடையில நின்னு உங்கம்மாவக் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லிட்டு எறங்கினா, அதக் கேட்டுக்கிட்டு முன்வரிசையில நான் உக்காந்திருக்கணும். அது என்னால முடியாது. அதான் கூப்பிட்டேன். மூணாவது பத்திய அடிச்சிட்டு என்ன எழுதணுமோ எழுது. என் பேரச் சேத்துக்கோ. எழுத்துப்பிழை இல்லாம எழுது, இங்கிலீஷ்ல நெட்ராவுக்கு T ஒண்ணுதான்.

மார்வா?

பேனாவ விட்டுட்டியே. நோட்டையும் எடுத்துட்டுப் போ, அது உன்னுதுதான் இனிமே.

பூட்ஸ் மட்டும் போதுமா.

மார்வா, அந்தக் கதவு தானா சாத்தாது, கொஞ்சம் இழுத்து... சரி. தொறந்தே இருக்கட்டும்.