பக்காரியின் ஸ்கூட்டரில் இன்னொருத்தி

நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. முதல் சுற்றுத் தேநீர் கொதிப்பதற்குள் ஒரு கல்யாணக் கதை சொல்லிவிடுகிறேன். வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்.

பமாக்கோவில் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் கடிகாரம், குளிர்க்கண்ணாடி, ரேடியோ என்று கண்ணில் பட்டதை இரவல் வாங்கிக்கொண்டு கேமரா முன்னால் நிற்பார்கள். யாராவது ஸ்கூட்டரில் வந்துவிட்டால் திருவிழாதான். காத்திருக்கிற அத்தனை பேரும் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பக்காரி நல்ல பிள்ளை, தன் வண்டியை ஒருநாளும் மறுத்ததில்லை.

அவனுக்கு ஃபிலி த்ராவோரேயின் மகள் சீராவை நிச்சயம் செய்து, சம்பந்தம் உறுதி என்பதற்கு அடையாளமான கோலாக் கொட்டையும் கொடுத்தாகிவிட்டது. நானோ சீராவை என் மகன் ஸானுக்கு என்று மனதில் வைத்திருந்தேன். வெளிச்சம் தானாக வந்து உட்காருகிற முகம் அவளுக்கு. அது வேறு வீட்டுக்குப் போகலாமா?

அன்று பக்காரியை வண்டியோடு படமெடுத்த பிறகு கேமராவை விரற்கடைகூட நகர்த்தவில்லை. அடுத்து வந்த தையற்காரர் மகள் தெனெனை அதே வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்தேன்.

"முன்னாடி ஆளே இல்லையே அத்தை, எதைப் பிடிச்சுக்கறது?"

"காத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோடி. வண்டி பறக்குதுன்னு நெனச்சுக்கோ."

கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது.

இருட்டறையில் தெனெனின் உருவத்தை அட்டையில் வெட்டினேன். அந்த இடத்தை மட்டும் மறைத்துவிட்டுப் பக்காரியைத் தாளில் விழவிட்டேன். பிறகு வெட்டிய ஓட்டை வழியே தெனெனை. அட்டையை லேசாக அசைத்துக்கொண்டே இருந்தால் விளிம்பு தெரியாது. நிறம் காட்டிக்கொடுக்கும் என்ற பயமும் கறுப்பு வெள்ளையில் கிடையாது. படத்தைக் கடை வாசலில் மாட்டினேன். பக்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தெனென் சிரித்தாள். என் கையால் வந்த படங்களிலேயே அதுதான் அழகு.

ஃபிலி வந்தார், பின்னால் பாதித் தெரு. பக்காரி ஓடிவந்து, "ஒட்டு வேலை மாமா! இந்தம்மா செஞ்சது!" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

நான் தியாரா குலம். தியாராவுக்கும் த்ராவோரேக்கும் கேலி உறவு: ஒருவரையொருவர் எப்படித் திட்டினாலும் விளையாட்டுதான், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஏய் தட்டைப்பயறு தின்னி, இது உன் வேலையா?" என்றார் ஃபிலி.

"என் வேலைதான்டா அடிமைப் பயலே. ரெண்டு பேரையும் நான்தான் ஒட்டவெச்சேன். உன் மகளை என் மகனுக்குத் தூக்கிட்டுப் போகத்தான்."

தெருவே சிரித்தது. கேலி உறவுக்காரி சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்ட த்ராவோரே அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. ஃபிலி சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு பக்காரியிடம், "இவ கேலி பண்ற நெலமைக்கு என்னைக் கொண்டுவந்துட்டியேடா" என்றார். மாலையே கோலா திரும்பிப் போயிற்று.

பக்காரி கயேஸுக்கு ரயிலேறினான். தெனெனை அவள் அப்பா சேகு பக்கம் ஒரு கிழவருக்கு மூன்றாம் மனைவியாகக் கொடுத்துவிட்டார். ஆற்றங்கரை ஊர், நல்ல காற்று.

சீரா இப்போது என் மருமகள். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். அவ்வளவு அடக்கம்.

நான் எதையும் மறைக்கவில்லை, கண்ணுகளா. நடுத்தெருவில் நின்று உரக்கச் சொன்னேன். என் வீட்டுக்குள் ஒரு பொய்யையும் நுழையவிடாமல் காத்த அல்லா, உங்கள் வீட்டையும் அப்படியே காக்கட்டும்.