அத்தான் செய்த இன்ஜின்

பழைய இன்ஜினைக் கழுவ வெந்நீரும் சோப்புத்தூளும் போதும், ஐயா. பலர் டீசலை ஊற்றி வீணாக்குவார்கள். எனக்கு அந்த அவசரம் கிடையாது. நீங்களும் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இன்ஜின் உடைக்கப் போட்டிருந்த ஒரு லாரியிலிருந்து வந்தது. வாங்கி வந்தவர் என் அக்காவின் கணவர். தன் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைப் புதுசாக்கித் தரச் சொன்னார். அத்தானுக்கு என் மேல் பாசம் உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. பதினொரு வருடமாக நான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் காட்டுவார். குட்டையர் என்று அவருக்குப் பெயர். அவர் தலையாட்டிய பிறகுதான் எனக்கு நன்றி வரும்.

நாற்பது நாள் உழைத்தேன். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது. ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று அத்தான் குறைப்பட்டிருந்தார். பெரிய டர்போவாகத் தேடிப் போட்டேன். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் இன்ஜினோடு சேர்ந்ததுதான். பழையதற்கு மூச்சு வாங்கியது. அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். இதுவரை நான் செய்தது எல்லாமே நல்ல காரியம். அப்படியே எழுதுங்கள்.

லாரியில் ஏற்றுவதற்கு முதல் நாள், இன்ஜினை ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டினேன். குட்டையர் வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு முறை சுற்றி வந்தார்.

"யார் கை இது? இவ்வளவு சுத்தமான வேலைய நான் பார்த்ததில்ல."

ஆயுசில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வார்த்தை. வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"நான்தான் பக்கத்துல நின்னு, சொல்லச் சொல்ல செய்ய வெச்சேன். மச்சானுக்கு நட்டு முறுக்கத்தான் தெரியும்."

அந்த நாற்பது நாளில் அவர் பட்டறைக்கு வந்தது இரண்டு முறை. அதில் ஒன்று, மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க.

எனக்குக் கோபம் வரவில்லை. ஊரார் அதைத்தான் தப்பாகப் பேசுகிறார்கள். நியாயம்தான் தோன்றியது. அவர் செய்த இன்ஜின் அவர் கொண்டுவந்தபடியே இருக்கட்டும் என்று பழைய கம்ப்ரஸரைத் திரும்ப மாட்டினேன். துடைத்துப் பெயின்ட் அடித்துத்தான் மாட்டினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. சமதரையில் அது தாங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் காற்று தீர்ந்துபோகும், பிறகு பிரேக் பிடிக்காது. தீரும்போது எச்சரிக்க ஒரு மணி உண்டு. இன்ஜினை லாரியில் ஏற்றியபோது அதன் வயரையும் கழற்றினேன். அத்தான் மலைப்பாதையில் மரக்கட்டை ஏற்றுபவர் என்பது எனக்குத் தெரியும்.

வண்டி கிளம்பிய காலையில் அக்காவும் வந்து நின்றாள். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறாளாம். கடைசி நிமிடத்தில்தான் ஏறினாள், தடுக்க நேரமில்லை என்று சொல்லி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்கலாம். ஆனால் அவள் ஐந்து நிமிடம் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், இளைத்துவிட்டாய் என்றாள். படி உயரமாக இருந்ததால் நான்தான் கைகொடுத்து ஏற்றிவிட்டேன்.

"நீயும் வாயேன்டா. இடம் இருக்குல்ல."

"வேலை இருக்குக்கா."

உண்மையிலேயே இருந்தது.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு வரைக்கும் காற்று தாங்கியிருக்கிறது. பள்ளத்திலிருந்து இருவரையும் மேலே கொண்டுவர மதியமாகிவிட்டது.

அவளை ஏன் இறக்கவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாள். வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும். அக்காவிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, ஐயா.