பாத்தவங்க லிஸ்ட்

இல்ல மாமா, தெரியாது. எத்தன தடவ மாத்தி மாத்திக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். நம்ம ப்ரொஃபைலுக்குள்ள யாரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்கன்னு நீங்க போட்டோ போடுறதுக்கு வச்சிருக்கிறதுல காட்டாது. எனக்கும் காட்டாது, உங்களுக்கும் காட்டாது, அத ஆரம்பிச்சவனே வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னாலும் காட்ட மாட்டான்.

தனியா இறக்கி வச்சிருக்கீங்களே, அந்த ஆப் காட்டுதா? எங்க, குடுங்க பாப்போம். அட குடுங்க, தின்னுட மாட்டேன்.

ம். முதல் பேரு எங்க அக்கா. சரி. ரெண்டாவது உங்க முதலாளி. மூணாவது யாருன்னு பாத்தீங்களா? எங்க பெரியப்பா. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு மாமா. நீங்களும்தான வந்தீங்க, கூட்டத்துல செருப்பத் தொலைச்சிட்டு திட்டிக்கிட்டே வெறுங்காலோட போனீங்க. அவரு நேத்து மதியம் ரெண்டு இருபதுக்கு உங்க ப்ரொஃபைலப் பாத்திருக்காராம். அங்க டவர் நல்லா எடுக்குது போல.

சிரிப்பு வரலையா? சரி விடுங்க.

எப்படிப் பண்றானுங்கன்னா, ரொம்ப சிம்பிள். உள்ள போறப்ப பாஸ்வேர்ட் கேட்டிருப்பான். குடுத்தீங்களா? குடுத்திருப்பீங்க. அப்புறம் உங்க லிஸ்ட்ல இருக்கிற பேருல பத்தப் பொறுக்கி, பக்கத்துல ஒரு நேரத்தப் போட்டு வரிசையா வச்சிடுவான். நீங்க யாரையெல்லாம் தோண்டித் தோண்டிப் பாக்குறீங்களோ அவங்க பேரத்தான் மேல வைப்பான்னு எங்க ஸ்டூடியோ ஓனர் சொல்றாரு. அப்படிப் பாத்தா அக்கா உங்களப் பாக்கல. நீங்கதான் அக்காவப் பாத்திருக்கீங்க. அதையே உங்ககிட்ட திருப்பிக் குடுத்திருக்கான்.

கதவ ஏன் சாத்துறீங்க? வேணாம் மாமா. திறந்தே இருக்கட்டும். போன தடவ நீங்க உதைச்சதுல தாழ்ப்பாளே பேந்து வந்துடுச்சு. அம்மா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஆசாரியத் தேடி அலைஞ்சாங்க. ம், அப்படியே விடுங்க.

கத்தல. என் குரலே இப்படித்தான். இந்தக் கீழ் வீட்டு டெய்லர் அண்ணன் மெஷின் ஓட்டுறாரு பாருங்க, அதுக்கு மேல பேசிப் பேசிப் பழக்கம். மெதுவாப் பேசினா அவருக்குக் கேக்காதுல்ல. ஆமா, கேக்கணும்னுதான் பேசறேன். இதுல என்ன ஒளிவு?

மணியா? மூணு அம்பது. சுவத்துல கடிகாரம் இருக்கே, பாக்கலையா. நாலரைக்கு வந்துடுவா மாமா, நான்தான் சொன்னேன்ல. வேலை முடிஞ்சு குட்டியக் கூட்டிட்டு நேரா இங்கதான். உக்காருங்க. அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்கீங்க, இன்னொரு நாப்பது நிமிஷம் உக்கார முடியாதா? தண்ணி வேணுமா?

அந்த பொம்மைய கட்டில் மேல வைக்காதீங்க. குட்டிக்கு வாங்கினதா? நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ இப்ப பொம்மை வச்சு விளையாடுறதில்ல. யாராவது கதவத் தட்டினா கட்டிலுக்கு அடியில போயிடுறா. பேப்பர் போடுறவரு வந்தாக்கூட. நாலு வயசுப் புள்ள எவ்வளவு வேகமாப் போறா தெரியுமா?

சொல்லக்கூடாதா? நீங்க கேட்டீங்க, பொம்மைன்னா அவளுக்கு உசுராச்சேன்னு. அதான் சொன்னேன். அக்கா புருஷன்ங்கிற மரியாதைக்குத்தான் மாமான்னு கூப்பிடுறேன். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. என்ன வாண்டுன்னு கூப்பிடாதீங்க. பதினேழு முடியப்போகுது. ஆமா, படிப்ப விட்டுட்டேன். பதினொண்ணாவது பாதியிலயே. எனக்குப் பிடிக்கல, விட்டேன். இப்ப ஸ்டூடியோல சம்பளம் வாங்குறேன். நாள் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பின்னாடி வெள்ளையாக்கணும், காது தெரியணும், பருவ அழிக்கணும், கண்ணுக்குக் கீழ கருப்ப எடுக்கணும். ஒரு நாளைக்கு அறுபது மூஞ்சி. ஆளு உள்ள வர்றப்பவே எந்தப் பக்கம் தலை சாயும்னு சொல்லிடுவேன்.

இன்னைக்கு லீவு. சும்மாதான்.

இது என்ன, இன்னொரு லிஸ்ட்டா?

ஓ. ஸ்டோரி.

சரி. இது நிசம்தான். இத நான் இல்லன்னு சொல்லல. ப்ரொஃபைல யாரு பாத்தான்னு காட்டாது. ஆனா ஸ்டோரி போட்டா, ஒரு நாளைக்குள்ள யாரு யாரு பாத்தாங்கன்னு போட்டவங்களுக்குப் பேரோட காட்டும். நேத்து, முந்தா நேத்து, அதுக்கு முந்துன நாள்... எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கீங்களா? எத்தன? எழுபத்திமூணா? யப்பா. வேற வேலை இல்லையா உங்களுக்கு?

எல்லாத்துலயும் அக்கா பேரு. காலைல ஏழு, ஏழு அஞ்சுக்கு எடுத்தது. தினமும்.

அதான் கிளம்பி வந்தீங்களா? என் பொண்டாட்டிக்கு என் மேல இன்னும் மனசு இருக்கு, கண்ணு முழிச்சதும் என் மூஞ்சியத்தான் பாக்குறான்னு?

நல்லாக் கேட்டுக்கோங்க மாமா. அது அக்கா இல்ல. நான்.

ஆமா, நான்தான். அக்கா உங்க வீட்டுல இருந்து வந்தப்ப கொண்டு வந்த பழைய போன் என்கிட்டதான் இருக்கு. மூலையில கீறல் விழுந்தது. அவ அதத் தொட்டு மூணு மாசத்துக்கு மேல ஆகுது. நம்பர் மாத்திட்டா, புது போன் வாங்கிட்டா. பழைய அக்கவுண்ட் மட்டும் அதுக்குள்ள திறந்தே கிடந்துச்சு. நான் தினமும் பல்லு விளக்கிக்கிட்டே உங்க ஸ்டோரியப் பாப்பேன்.

ஏன்னா கேக்குறீங்க? நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியணும்ல.

நீங்கதான் காலைல எழுந்ததும் போட்டோ போடாம இருக்க மாட்டீங்களே. டயர் ஷோரூம் வாசல்ல நின்னு, டயர் மேல காலத் தூக்கி வச்சு, கட்டை விரலத் தூக்கிக்கிட்டு. அந்த ஷோரூம் இங்க இருந்து அஞ்சு மணி நேரம். நீங்க அங்க இருந்தா அக்காவுக்கு ரெண்டு விரலக் காட்டுவேன், அவ குட்டியத் தூக்கிட்டு வேலைக்குக் கிளம்புவா. நீங்க போட்டோ போடலன்னா கையை மூடிக்குவேன். அன்னைக்கு அவ வெளிய போக மாட்டா. அவ்வளவுதான் மாமா. ஆசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

அந்தப் பழைய போனப் பிடுங்காதீங்க. விடுங்க, கை வலிக்குது.

சரி, வச்சுக்கோங்க. பாஸ்வேர்டும் சொல்லட்டா? குட்டி பொறந்த தேதி. அது உங்களுக்கு ஞாபகம் இருந்தா திறந்து பாருங்க.

அதுல ஒண்ணும் இருக்காது. அக்கா நம்பர் கிடையாது. நான் அத ஏட்டுல கூட எழுதி வைக்கல, மனப்பாடம்.

தப்பு என்னோடதுதான், ஒத்துக்கிறேன். எனக்குப் பெரிய புத்திசாலின்னு நினைப்பு. ப்ரொஃபைலப் பாத்தா எப்படித் தெரியாதோ ஸ்டோரியப் பாத்தாலும் அப்படித்தான்னு இருந்துட்டேன். நான் ஸ்டோரியே போட்டதில்ல, எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு பொண்ணு, பழைய சிநேகிதன் என் ஸ்டோரியப் பாத்துட்டான்னு பேரக் காட்டி அழுதுச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரிஞ்சே பாத்துட்டு இருந்திருக்கேன். அதுக்கப்புறம் நிறுத்தவும் முடியல. திடீர்னு பேரு காணாமப் போனா அதுவும் உங்களுக்குத் தெரியும்ல.

மணி நாலு இருபது. இப்பத்தான கேட்டீங்க.

நடக்காதீங்க மாமா, தலை சுத்துது. ஜன்னல்ல இருந்து பாத்தா தெரு முனை தெரியும். அங்க வந்தா தெரியும்ல. உக்காருங்க.

என்னது, சர்ப்ரைஸா? அவளுக்கு இன்ப அதிர்ச்சி குடுக்க வந்தீங்களா?

நான் ஒண்ணு கேக்குறேன், கோபப்படாதீங்க. இல்ல, கோபப்பட்டாலும் கேப்பேன். அவ ஆசையாத்தான் பாக்குறான்னு நீங்க நிசமாவே நம்பியிருந்தா, இன்னைக்குக் காலைல என்ன போட்டிருப்பீங்க? வரேன்னு போட்டிருப்பீங்க. பஸ் ஜன்னலப் போட்டிருப்பீங்க. அதப் போடலையே. ஷோரூம்ல நிக்கிற மாதிரி ஒரு போட்டோவப் போட்டீங்க. பாக்குறவ பாத்துட்டு, அப்பாடா, அங்கதான் இருக்காருன்னு நினைச்சுக் கதவத் திறந்து வைக்கணும். அதுக்குத்தான. அப்படின்னா பயந்துக்கிட்டுத்தான் பாக்குறான்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். எழுபத்திமூணு நாளும் தெரியும்.

கதவுப் பக்கம் என்ன பாக்குறீங்க?

மெஷின் சத்தம் நின்னுடுச்சா? ஆமா, நின்னுடுச்சு. டெய்லர் அண்ணன் மாடிப்படியிலதான் உக்காந்திருப்பாரு. அவரு பொண்டாட்டியும் இருப்பாங்க. அவங்க கையில கத்தரிக்கோல் இருந்தாலும் இருக்கும், துணி வெட்டுற நேரம். ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீங்க ஒண்ணும் பண்ணலன்னா.

நாலு முப்பத்தொண்ணு.

வர மாட்டா மாமா.

குட்டி ஸ்கூல்ல டி.சி. குடுக்க மூணு மணி ஆகும்னுட்டாங்க. கையெழுத்துப் போடுற மேடம் மதியம்தான் வருவாங்களாம். நாலேகாலுக்கு பஸ்ஸு. அதுவரைக்கும் நீங்க அங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாம இங்க இருக்கணும், அதான். உங்க ஊர்ல இருந்து பத்தரைக்குத்தான் பஸ்ஸு, அஞ்சு மணி நேரப் பயணம், நேரா இங்கதான் வருவீங்கன்னு கணக்குப் போட்டேன், சரியா மூணரைக்கு வந்தீங்க. எந்த ஊருக்குப் போறான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். உங்களுக்கே தெரியும், எனக்குப் பொய் வராது. நாலரைக்கு வருவான்னு சொன்னது ஒண்ணுதான் இன்னைக்குச் சொன்ன பொய்.

எப்படித் தெரிஞ்சுதா?

போட்டோ மாமா. நல்ல வெளிச்சம், நல்ல சட்டை, எல்லாம் சரி. கட்டை விரலத் தூக்கியிருக்கீங்கல்ல, அந்தக் கையில வாட்ச் இருந்துச்சு. பழுப்புக் கலர் வார் வச்சது, வட்டமா. அக்கா முதல் சம்பளத்துல உங்களுக்கு வாங்கிக் குடுத்தது. நான் அறுபது மூஞ்சி பாக்குறவ, அந்த வாட்ச மட்டும் ஏழு மணியில இருந்து ஏழரை வரைக்கும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். வாயில இருந்த பேஸ்ட்டக் கூடத் துப்பல. பழைய போட்டோ. நாலு மாசமாவது இருக்கும். நீங்க இன்னைக்கு ஷோரூமுக்குப் போகல, இங்க கிளம்பி வரப்போறீங்க.

அந்த வாட்ச எங்கயோ தொலைச்சிட்டேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருக்கீங்களாமே. தொலைக்கல மாமா. அவ நெத்தியப் பாத்து வீசினீங்க. புருவத்துல நாலு தையல். டாக்டரு ஒரு கண்ணாடித் துண்ட எடுத்து அம்மா கையில குடுத்தாரு. கம்ப்ளெயிண்டோட வைக்க போட்டோ வேணும்னாங்க, நான்தான் எடுத்துப் பிரிண்ட் போட்டேன். அழிக்காம, வெளுக்காம நான் பிரிண்ட் போட்ட ஒரே மூஞ்சி அதுதான்.

வாட்ச் ஸ்டேஷன்ல இருக்கு. காக்கிக் கவர்ல போட்டு வச்சிருக்காங்க, மேல பேரு எழுதி ஒட்டி. உங்க பேருதான்.