ஏப்ரல் மாதத்துப் பள்ளம்

– மாதவி, அந்த ரொட்டி சானாய் உன்னைப் பார்த்து அழுவுது. பருப்பும் ஆறிப்போச்சு. பாசார் வரைக்கும் நடந்துபோய் வாங்கிட்டு வந்தேன் லா!

– வைங்க பா, சாப்பிடுறேன். மத்தியானத்துக்குள்ள இந்த ரிப்போர்ட் யுனிவர்சிட்டிக்குப் போகணும்.

– காலையிலேர்ந்து அந்த ஒரு படத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கே. முப்பது வருஷம் லோரி ஓட்டின மண்டை இது, இதுக்கும் ஏறுற மாதிரி சொல்லு பார்ப்போம்.

– நம்ம கிள்ளான்ல மாசத்துக்கு எத்தனை பேரு செத்தாங்கன்னு பா. இந்தக் கறுப்புக் கோடு, கொரோனாவுக்கு முந்தின அஞ்சு வருஷத்துச் சராசரி. சிவப்பு, கொரோனா வருஷங்க. சிவப்பு எவ்வளவு மேல ஏறியிருக்கோ, அவ்வளவு பேரு கூடுதலா போயிட்டாங்க.

– செத்தவங்கள எண்ணுறதுக்கு இவ்வளவு படிப்பா! ஆஸ்பத்திரியில கேட்டா சொல்லிட்டுப் போறான்.

– நம்ம பக்கத்து வீட்டு புஷ்பவல்லி அக்காவ சொல்லுவானா? நெஞ்சு வலிச்சும், கொரோனாவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. சர்டிபிகேட்ல வெறும் ஹார்ட் அட்டாக்னுதான் இருக்கு. இந்தக் கணக்குலதான் அவங்களப் பிடிக்க முடியும். பாருங்க, ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு ஆகஸ்ட்.

– அடேயப்பா, எவ்வளவு ஒசரம்! பாவம் புஷ்பா. தீபாவளின்னா நமக்குன்னு தனியா ஒரு டின் முறுக்கு எடுத்து வைக்கும். நீ பாதி டின்ன ஒரே நாள்ல காலி பண்ணுவே.

– நானா? நல்லா இருக்கே கதை! நீங்கதான் ஒளிச்சு வச்சுத் தின்னீங்க.

– சரி சரி, விடு. இதென்ன பள்ளம்? ரெண்டாயிரத்து இருபது ஏப்ரல், கறுப்புக் கோட்டுக்குக் கீழ இறங்கிப் போகுது. கொரோனா வந்தப்ப ஆளு கொறைச்சலாவா செத்தாங்க? தப்பா போட்டுட்டியா கண்ணு?

– தப்பில்ல பா. எல்லாரையும் வீட்டுக்குள்ள அடைச்சாங்கள்ல. ரோட்டுல காரு, மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடல. அடிபட்டுச் சாகுறவங்க கொறைஞ்சுட்டாங்க.

– ம்... அந்தக் கறுப்புக் கோட்டுக்கு எடுத்த அஞ்சு வருஷம் எதுல முடியுது?

– ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல.

– அப்போ நம்ம ரிஷி அதுல இருக்கான்.

– தம்பி இருக்கான் பா. அந்த வருஷம் ஏப்ரல்.

– வேலைக்குப் போக மோட்டார் வேணும்னு கேட்டான். நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

– மறுபடியும் ஆரம்பிக்காதீங்க பா. காப்பார் ரோட்டுல சிவப்பு விளக்குல நிக்காம வந்தது அந்தக் கார்க்காரன். நீங்க இல்ல.

– ஏம்மா, சாமி என்னை மன்னிக்கட்டும், சொல்லக்கூடாததைச் சொல்றேன். அந்தக் கொரோனாச் சனியன் ஒரே ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா? என் புள்ள வீட்டுலயே அடைஞ்சு கிடந்திருப்பானே!

– புஷ்பவல்லி அக்காவோட சேர்த்து இத்தனை பேரு சாவையும் மடியில வச்சுக்கிட்டு, நானும் காலையிலேர்ந்து அதையேதான் பா நினைச்சுக்கிட்டு இருக்கேன். அதான் ஒரு வாய்கூட இறங்கல.